குரோமியத்தின் காலிப் பெட்டி

ஜன்னல் வழியே விழும் பதினொரு மணி வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. வெளியே தாழ்வாரத்தில், நோட்டுக் கட்டை இடுப்பில் அணைத்தபடி கெமிஸ்ட்ரி டீச்சர் ஒதுங்கி நிற்கிறாள். போன மாதம் வரை இது அவள் வகுப்பு. இப்போது புது வாத்தியார், நேற்று முளைத்தவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கரும்பலகையில் குரோமியத்தின் எலக்ட்ரான்களுக்குப் பெட்டி போடுகிறார். ஓர் அம்பு ஓர் எலக்ட்ரான். அவளிடம் கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள் இங்கே கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கு வயிறு எரிகிறது. 4s என்று எழுதிய பெட்டியில் இரண்டு அம்பு. 3d-யின் ஐந்து பெட்டிகளில் நான்கில் ஒவ்வொன்று, ஐந்தாவது காலி. தப்பு! மாட்டினான் என்று அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கிறது. "சார், 4s-ல ஒண்ணுதான் சார் இருக்கும்" என்று கடைசி பெஞ்சிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி எழுகிறாள். "இன்னொண்ணு அந்தக் காலிப் பெட்டிக்குப் போயிடும். அஞ்சுலயும் ஒவ்வொண்ணு இருந்தாத்தான் அதுக்கு நிம்மதி. டீச்சர் சொல்லியிருக்காங்க." வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அட, கோட்டை விட்டுட்டேனே! நீயே வந்து போடும்மா." சாக்பீஸ் கைமாறுகிறது. கண்ணாடிக்காரி 4s-லிருந்து ஓர் அம்பை விரலால் அழித்துக் காலிப் பெட்டியில் போட, வகுப்பே கைதட்டுகிறது; வாத்தியாரும் சேர்ந்து தட்டுகிறார். பதினெட்டு வருஷத்தில் டீச்சர் ஒரு தடவைகூடக் குரோமியத்தைத் தப்பாகப் போட்டதில்லை. ஒரு தடவைகூட யாரும் கைதட்டியதுமில்லை.