ரோஜாப்பூ அட்டை

புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசை நின்றது. தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்தால், அதிலிருக்கும் பைபிள் வசனம்தான் அந்த வருஷம் முழுவதும் அந்த வீட்டுக்கு. ஞானசிகாமணி கோயிலுக்கு வரவில்லை. தொண்டையில் இருக்கும் கட்டி என்ன கட்டி என்று மறுநாள் தெரிந்துவிடும். எந்த வசனம் வந்துவிடுமோ என்று பயந்து மனைவி எப்சிபாவை மட்டும் அனுப்பியிருந்தார். அவள் எடுத்த அட்டையில் ஓரத்து ரோஜாப்பூக்கள் மட்டுமே அச்சாகியிருந்தன. நடுவில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

“அச்சடிக்கிறவங்க விட்டுட்டாங்க போல. வேற ஒண்ணு எடுங்கம்மா” என்று போதகர் தட்டை நீட்டினார். அவள் கை தட்டு வரைக்கும் போய்த் திரும்பியது.

“இருக்கட்டும் ஐயா. என் கைக்கு வந்தது இதுதானே.”

வீட்டில் ஞானசிகாமணி அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணுமே எழுதலியே, எப்சி.”

“இன்னைக்கு ஒண்ணாந்தேதிதானங்க. ஆண்டவரு எழுதுறதுக்கு வருஷம் பூரா கிடக்கு.”

அவர் அந்த வெள்ளை இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சட்டைப்பைக்கு வெளியே ரோஜாப்பூ ஓரம் தெரிந்தது. பேனா வைத்துக்கொள்ளும் பழக்கமே இல்லாத மனுஷர், அதன் பக்கத்தில் ஒரு பேனாவையும் செருகியிருந்தார்.