பன்னிரண்டு நாள் ஓடிய ட்ரெட்மில்

“தள்ளி நில்லு லதா. உள்ள கரண்ட் இருக்கும்.”

“பிளக்கைப் பிடுங்கி நாலு நாளாச்சுங்க.”

“இருந்தாலும் மெஷின் மெஷின்தான்” என்றான் கலையரசன். கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த ட்ரெட்மில்லின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். “என் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் எங்க?”

பிரேமலதா சமையலறைக்குள் போய் அதை எடுத்து வந்தாள். “குக்கர் கைப்பிடி ஆடுச்சு. முடுக்கினேன்.”

சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் முக்கால் மணி நேரம் நட என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அம்மா மண்டபம் ரோட்டில் நடந்து பார்த்தாள். பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி நலம் விசாரித்தால் நடை எங்கே நடக்கும்? கேள்விப்பட்ட அண்ணன் பாலு, மன்னார்புரத்திலிருந்து லோடு ஆட்டோவில் இந்த ட்ரெட்மில்லை ஏற்றி ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்.

பன்னிரண்டு நாள் ஓடியது. பதின்மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, பட்டனை அழுத்தினால் விளக்கு மட்டும் எரிந்தது. பெல்ட் நகரவில்லை.

இன்று பதினொரு மணிக்குப் பாலு ஒரு மெக்கானிக்கோடு வருகிறார். இப்போது மணி பத்தரை. அதற்குள் கலையரசனுக்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும்.

ஏனென்றால், கொல்லைப்பக்கத்து ஷெட்டில் இரண்டு வருடமாக அவன் மரம் கடையும் லேத் ஒன்று கட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் தவிர எல்லாம் தயார். பழைய வேன் ஒன்றின் வைப்பர் மோட்டாரை மாட்டிப் பார்த்தான். ஆள் ஏறும்போது ராட்டினம் சுற்றுமே, அந்த வேகத்தில் கட்டை சுற்றியது. லேத்துக்கு ட்ரெட்மில்லின் டிசி மோட்டாரை மிஞ்ச ஆளில்லை என்று அவன் பார்த்த எல்லா வீடியோக்களும் சத்தியம் செய்தன. மெக்கானிக் சரிசெய்துவிட்டால் மோட்டார் லதாவுக்கு. செத்துவிட்டது என்றால் அவனுக்கு.

அந்த ஸ்க்ரூடிரைவரால் மெஷினின் மேல்மூடியைக் கழற்றி, மோட்டாரை வெளியே தூக்கினான். அதன் அச்சைக் கையால் சுற்றினான். சத்தமில்லாமல் சுற்றியது.

“பேரிங்ல கோளாறு இல்ல. இப்ப பாரு. பன்னெண்டு வோல்ட் பேட்டரியில தொட்டாலே நல்ல மோட்டார் மெதுவா சுத்தணும்.”

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வயர் இரண்டையும் பேட்டரியில் வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

“ஐயையோ” என்றாள் பிரேமலதா.

“காயில் எரிஞ்சுபோச்சு லதா.”

அவள் குனிந்து முகர்ந்தாள். “ஆமாங்க. தீஞ்ச வாடை வருது.”

அவனுக்கு எந்த வாடையும் வரவில்லை. ஆனாலும் வருத்தமாகத் தலையாட்டினான்.

போன் அடித்தது. பாலு. பிரேமலதா ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாப்ளே, கிளம்பிட்டோம். மெக்கானிக் அப்துல் மாலிக் ஒண்ணு கேக்கச் சொல்றார். மிக்ஸியில இருக்கிற மாதிரி இதுலயும் ரெண்டு பக்கமும் கார்பன் இருக்குமாம். ஒண்ணு தொடலைன்னாலும் ஓடாதாம். அதைப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சு மச்சான்” என்றான் கலையரசன்.

“பாத்தாச்சுண்ணே” என்றாள் பிரேமலதா, அதே நொடியில்.

“நீ என்னத்தம்மா பாத்தே?”

“அவர் பாத்ததை நான் பாத்தேன். காயிலே போயிடுச்சுண்ணே. வெயில்ல வீணா அலையாதீங்க.”

“அப்ப புதுசா ஒண்ணு வாங்கி...”

“வேணாம்ணே! எனக்கு அந்த ராசி இல்ல.”

சரி, வரவில்லை என்று பாலு சொன்னதும், போனை வைத்துவிட்டு அவள் பெருமூச்சு விட்டாள். “நீங்களாவது அதை உங்க லேத்துக்கு எடுத்துக்கோங்க.”

“எடுத்துக்கவா? பாக்கலாம்... காயில் புதுசா கட்டணும்” என்றான், குரலில் சந்தோஷம் தெரியாமல். “முதல்ல உனக்குத்தான் ஒரு பூரிக்கட்டை கடைஞ்சு தரேன்.”

“பூரி சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“சப்பாத்தி தேச்சுக்கோ. அது சரி, நடக்கிறதுக்கு என்ன பண்ணுவே?”

“அம்மா மண்டபம் ரோடு எங்க போயிடப்போகுது? நாலு பேர்கிட்ட பேசிக்கிட்டே நடந்துக்கிறேன். என்னை விடுங்க, உங்க மெஷின் ஓடினா போதும்.”

அவள் தியாகம் அவனைக் கொஞ்சம் குத்தியது. ஷெட்டுக்குப் போகும் வரைதான் குத்தியது.

லேத்தில் மோட்டாரை வைத்து நான்கு போல்ட்டையும் முடுக்கினான். எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். பிறகு ஆணி டப்பாவின் அடியிலிருந்து அந்தக் கார்பனை எடுத்தான். செவ்வாய்க்கிழமை காலை லதா பால் வாங்கப் போயிருந்த பத்து நிமிடத்தில், மோட்டாரின் வலது பக்கத்திலிருந்து அவனே கழற்றி ஒளித்து வைத்த கார்பன்.

அதைப் பழையபடி துளையில் நுழைத்து, மூடியைத் திருகி, வயரைப் பேட்டரியில் தொட்டான்.

மோட்டார் அசையவில்லை.

அழுத்தித் தொட்டான். அசையவில்லை. வயரை மாற்றித் தொட்டான். ம்ஹூம். கடைசியில், இதுவரை அவன் கையே வைக்காத இடது பக்க மூடியைத் திருகித் திறந்தான்.

உள்ளே கார்பன் இல்லை.

லதா முடுக்கியதாகச் சொன்ன குக்கர் கைப்பிடியில் இருப்பது ஒற்றைக் கோடு போட்ட மைனஸ் ஸ்க்ரூ, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதற்குள் நுழையவே நுழையாது என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.