இருபத்தெட்டு ஜோடி ஷூ

"அந்தப் போட்டோவைக் கழட்டு. நீ கழட்டலேன்னா நானே கழட்டுவேன்."

ஃபிடெல்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். தன் பொறுப்பிலிருந்த மடத்து ஆவணக் காப்பகத்தில் யாரும் சத்தம் போட்டுப் பேசி அவள் கேட்டதில்லை. அங்கே இருந்த கன்னியாஸ்திரீகள் எல்லோரும் பெட்டிகளுக்குள் காகிதமாக இருந்தார்கள். காகிதத்துக்குக் கோபம் வராது.

எதிரே நின்ற கிழவிக்கு வந்திருந்தது. நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பெயர் நோரீன் ஹான்லி என்றும், ஸ்லைகோவிலிருந்து வருவதாகவும் வருகைப் பதிவேட்டில் கிறுக்கியிருந்தாள்.

"மூணு மணிக்கு பிஷப் வந்து கண்காட்சியைத் திறக்கிறாரும்மா. இப்பப் போய் கழட்டுன்னா எப்படி?"

"வரட்டும். வந்து இந்தப் பொய்யைக் கும்பிட்டுட்டுப் போகட்டும்."

பொய் என்று அவள் சொன்னது, சுவரின் நடுவில் மாட்டியிருந்த பெரிய படத்தை. 1961 கிறிஸ்துமஸ். மடத்து அனாதை விடுதியின் இருபத்தெட்டு சிறுமிகள், இரண்டு வரிசையாக, காலில் பளபளக்கும் புது ஷூவுடன். பின்னால் சிரித்தபடி ஓர் இளம் சிஸ்டர். படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில், ஷூக்களை அனுப்பிய பாஸ்டன் வியாபாரிக்குச் சிறுமிகள் எழுதிய நன்றிக் கடிதங்கள்.

"போட்டோக்காரன் கேட்டைத் தாண்டறதுக்குள்ள அத்தனை ஷூவையும் கழட்டி வாங்கியாச்சு. எல்லாம் டவுன் கடைக்கு விலைக்குப் போச்சு. பிள்ளைங்களுக்குப் பழையபடி ஓட்டை பூட்ஸ்தான். அந்த ஜனவரியில பெர்னி டூஹிக்குப் பனிவெடிப்பு சீழ் வச்சு ரெண்டு கால்விரலை எடுத்தாங்க."

பெர்னியின் பெயரைக் கேட்டதும் ஃபிடெல்மாவின் முகம் இறுகியது.

"அவங்க புகார் எனக்குத் தெரியும். விடுதிக் கொடுமைகளை விசாரிச்ச கமிஷன் கேட்டப்ப அவங்க கடிதத்தை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அதை வச்சுத்தான் புகார் பொய்னு தள்ளிட்டாங்க. 'ஷூ ரொம்ப இதமா இருக்கு, தினமும் போட்டுக்கறேன்'னு அவங்க கையாலேயே எழுதியிருக்காங்க."

"அதே வரியை இருபத்தெட்டு பிள்ளைங்களும் எழுதியிருக்காங்களே, உனக்குச் சந்தேகம் வரலையா? படிச்சவதானே நீ? கரும்பலகையில எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதினது அது. தப்பு விட்டவளுக்குப் புறங்கையில அடி."

ஃபிடெல்மா கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். இருபத்தெட்டு முறை 'ரொம்ப இதமா இருக்கு'. ஆறு வருஷமாக அவள் தூசி தட்டிப் பாதுகாத்த கடிதங்கள். தன் மேலேயே எரிச்சல் வந்தது. அதைக் கிழவி மேல் காட்டினாள்.

"நீங்க சொல்றதை நான் எப்படி நம்பறது?"

"நான் அந்த ரூம்லதான் இருந்தேன்."

"அப்ப பெர்னியோட கமிஷனுக்கு வந்து அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலை. கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்தேன். அவ பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டு செத்துப்போய் ரெண்டு மாசம் ஆச்சு. பேப்பர்ல பார்த்தேன். அந்தப் பேரையாவது அழிக்கணும்."

ஃபிடெல்மாவின் குரல் தணிந்தது.

"இன்னொரு பொண்ணு சொன்னா மட்டும் கமிஷன் கோப்பை மாத்த மாட்டாங்கம்மா. போட்டோ இருக்கு, கடிதம் இருக்கு. மடத்து ஆளே ஒத்துக்கிட்டாத்தான் உண்டு. விடுதியைப் பார்த்துக்கிட்டது சிஸ்டர் கொன்சாகா. அறுபத்தி நாலுலயே மடத்தை விட்டுப் போயிட்டாங்க. எங்கே போனாங்கன்னு யாருக்கும் தெரியாது. பாவம், அவங்களும் மடத்துத் தலைவி மதர் சொன்னதைத்தான் செஞ்சிருப்பாங்க."

"பாவமா? மதர் வாயால சொன்னா. லேஸை அவிழ்த்த கை யாரோடது? பெர்னி அழ அழக் காலைப் பிடிச்சு இழுத்தது யாரு? சிரிக்கிறா பாரு, பிசாசு. அவளுக்கு நீ வக்காலத்து வாங்காதே." நோரீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காகிதம் எடு. நான் சொல்லச் சொல்ல எழுது. கையெழுத்துப் போடறேன். பிஷப் முன்னாலயே படிக்கறேன்."

ஃபிடெல்மா மறுக்கவில்லை. படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"சரி. இதுல நீங்க எந்தப் பொண்ணு? முன்வரிசையா, பின்வரிசையா?"

நோரீனின் விரல் சிறுமிகளின் இரண்டு வரிசையையும் தாண்டிப் போய், அந்தச் சிரித்த முகத்தின் மேல் அழுந்தி நின்றது.

"மடத்துல எனக்கு வச்ச பேர் கொன்சாகா. எழுதிக்கோ."