பாஸ்னு கூப்பிடக் கூடாது!

“இனிமே இங்க யாரும் யாரையும் பாஸ்னு கூப்பிடக் கூடாது! புது முதலாளியோட முதல் உத்தரவு இது” என்றார் சூப்பர்வைசர்.

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கார் சீட்டுக்கு உறை தைக்கும் அந்தப் பட்டறையில் எல்லாருக்கும் எல்லாரும் பாஸ்தான். நூல் கேட்பவரும் பாஸ், எடுத்துக் கொடுப்பவரும் பாஸ். பட்டறையை விற்றுவிட்டுப் போன பழைய முதலாளியே அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

“அப்ப எப்படிக் கூப்பிடறதாம் பாஸ்?” என்று கேட்டாள் கட்டிங் அக்கா. காலையில் வாசலில் மாட்டியிருந்த புது முதலாளியின் பெயர்ப் பலகையை நின்று நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே வந்தவள் அவள் ஒருத்திதான்.

“பார்த்தியா, மறுபடியும் பாஸ்! அவர் உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்து நின்னு ‘வணக்கம் எஜமான்’னு சொல்லணும்.”

“எஜமானா? எந்தக் காலத்துல இருக்காரு அவரு? பாஸ்ல என்ன குறைஞ்சு போச்சு?”

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அவர் படிச்சவர். விவரமாத்தான் சொல்லி அனுப்பியிருக்கார். பாஸ்ங்கறது முதல்ல இங்கிலீஷ் வார்த்தையே இல்லையாம், டச்சுக்காரங்களோடதாம். அமெரிக்காவுல கூலிக்கு வேலை பார்த்தவங்க, ‘மாஸ்டர்னு கூப்பிட நாங்க என்ன அடிமையா?’ன்னு முறைச்சுக்கிட்டு, அதுக்குப் பதிலா இதைப் பிடிச்சுக்கிட்டாங்களாம். திமிர் பிடிச்ச வார்த்தையாம்!”

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

“அடடே! இத்தனை நாளா அர்த்தம் தெரியாமலே சொல்லிட்டிருந்தேனே. இனிமே தெரிஞ்சே சொல்றேன் பாஸ்.”

பட்டறையே கொல்லென்று சிரித்தது. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை.

“விளையாடாதே. சொல்லாதவங்களுக்கு இன்னியோட வேலை இல்லை. உன்னை நம்பி ஒரு பொண்ணு இருக்கா. ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?”

“வாய் தேயாது. முதுகு வளைஞ்சிடும். அதை நிமிர்த்தறதுக்குள்ள பாதி ஆயுசு போயிடும்.”

“உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா!”

“வேற என்ன உத்தரவு? காபி டம்ளரை மேஜையில வைக்கக் கூடாது, கையிலதான் கொடுக்கணும்னு சொல்லியிருப்பாரே?”

“ஆமா! உனக்கு எப்படித் தெரியும்?”

“இப்படிப்பட்ட ஆளுங்க எல்லாம் ஒரே அச்சுதான்.”

வாசலில் கார் வந்து நின்றது. அவ்வளவுதான், சற்று முன்பு சிரித்த அத்தனை பேரும் அடித்துப்பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். “வணக்கம் எஜமான்!” என்ற குரல் மெஷின் மெஷினாகத் தாண்டி வந்தது.

இந்த வேலை போனால் அக்காவுக்கும் மகளுக்கும் வேறு கதி இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் தலையைத் தூக்கவில்லை. கத்தரிக்கோல் ரெக்சின் மேல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தம்மாவுக்கு வாய் இல்லையா?” என்று அதட்டியபடி மேஜை அருகே வந்த புது முதலாளி, அவள் நிமிர்ந்து பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார்.

“நீயா!”

“நானேதான். வாங்க பாஸ்!” என்றாள் அக்கா, பட்டறை முழுக்கக் கேட்கும்படி. “கட்டின புருஷனா இருந்தப்பவே எஜமான்னு கூப்பிட மாட்டேன்னு உங்க வீட்டை விட்டு வந்தவ நான். சம்பளத்துக்காகவா கூப்பிடப் போறேன்?”