கடைசி வரிசை

ஆவணப்படத் தயாரிப்பாளராகத் தொடங்கி, சேனல் தலைவராக ஓய்வுபெற்ற இளஞ்செழியனுக்கு, அவருடைய வாழ்க்கையையே படமாக்கிப் பரிசளித்திருந்தார்கள். மகளுக்கும் ஒரு பிரதி போயிருந்தது. கைவசம் இல்லாத காட்சிகளைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே செய்து ஒட்டிவிடும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவருக்கு அந்தப் படத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

சாயங்காலம் மகள் நறுமுகை போனில் அழுதாள்.

“அப்பா, என் ஸ்கூல் டான்ஸுக்கு வந்திருக்கீங்களே. கடைசி வரிசைல நின்னு கைதட்டுறீங்க. நீங்க வரவே இல்லைன்னு இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்தேன்ப்பா.”

அன்றைக்கு அவர் கடலூரில் புயலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரேயொரு போலிக் காட்சி இருந்தாலும் முழுப் படத்தையும் திருப்பி அனுப்பிவிடும் மனிதர் என்று பெயர் வாங்கியவர். போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டார்.

“இருட்டுல நீ என்னைப் பாத்திருக்க மாட்டேம்மா,” என்றார்.