கதகதப்பான வீடு

"இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுடி, மூலையில கறுப்பு தெரியுது!"

லெசியெலி கீழே நின்று கத்தினாள். நாத்தனார் கலோ நாற்காலி மேல் ஏறி, கல்யாணத்துக்குச் சீராக வந்த பெரிய மரப்பட்டைத் துணியைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள். துணிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சை. பிளீச் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தும் சனியன் போகவில்லை.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறோம் அண்ணி."

"மறைச்சுத்தான் ஆகணும். குளிர் வீட்டுக்குப் பேனியை அனுப்பக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? இன்னொரு தடவை அந்தக் காய்ச்சல் வந்தா எம்புள்ள நெஞ்சு தாங்காதாம். நேத்து நீதானே போனை எடுத்த? என்ன சொன்னாங்க, மறுபடி சொல்லு."

"ஆஸ்பத்திரியிலேருந்துதான் பேசினாங்க. வீட்டைப் பார்க்க ஒருத்தர் வருவாராம். எல்லாத்தையும் காட்டணுமாம்."

"காட்டிடுவோம்!"

பேனிக்கு எட்டு வயசு. தொண்டைவலி என்று ஆரம்பித்தது, மூட்டு மூட்டாக வீங்கி, கடைசியில் இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. போரிருவா ஊரின் குளிருக்குச் சுவரில் பதித்த ஹீட்டர்தான் ஒரே துணை. அதுவும் போன வருஷமே செத்துவிட்டது. வீட்டுக்காரர் ஹேஸ்டியிடம் லெசியெலி வாய் திறக்கவில்லை. அப்படித் திறந்த பக்கத்து வீட்டுக் குடும்பத்தை அவர் காலி பண்ணச் சொல்லி, அது இப்போது காருக்குள் தூங்குகிறது. அவளுக்கு அது போதாதா?

அதனால் விடிந்ததுமே தேவாலயத்திலிருந்து மூன்று ஹீட்டர்களை இரவல் வாங்கி எரியவிட்டிருந்தாள். வாசலில் கார் சத்தம் கேட்டதும் மூன்றும் போர்வை சுற்றி அலமாரிக்குள் போயின. செத்த ஹீட்டர் மேல் வைத்திருந்த சுடுதண்ணீர்ப் பையைக் கலோ எடுத்து ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டாள்.

வந்தவர் நரைத்த மீசைக்கார வெள்ளைக்காரர். செருப்பு வரிசையைப் பார்த்துவிட்டுத் தானும் ஷூவைக் கழற்றினார்.

"பேனியோட அம்மாதானே? ஆஸ்பத்திரியில சொன்னாங்க, அதான் வந்தேன். நான் வந்து..."

"முதல்ல உட்காருங்க சார். வீட்டுக்கு வந்தவங்களைச் சாப்பிட வைக்காம பேச விட்டா எங்க டோங்காத் தீவுல காறித் துப்புவாங்க!"

சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பாலோடு பொதிந்து சுட்ட ஆட்டிறைச்சி தட்டில் வந்து இறங்கியது. அவர் மறுபடி வாயெடுத்தார். லெசியெலி மறுபடி ஒரு பொட்டலத்தை வைத்தாள். அத்தோடு மனிதர் அடங்கிப்போனார்.

சாப்பிட்டு முடித்து, பையிலிருந்து சின்னக் கருவியை எடுத்து அறை அறையாக நீட்டிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"நல்ல சூடா இருக்கே!"

"வேகுது சார்! ராத்திரியில போர்வையை உதைச்சுத் தள்ளுறோம்."

கலோ வந்த இருமலை விழுங்கினாள்.

"சுவர்ல இருக்கிற ஹீட்டர் ஓடுதா?"

"ராஜா மாதிரி ஓடுது. இப்பத்தான் அணைச்சேன். தொட்டுப் பாருங்க."

தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. சுவிட்சைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்கு மட்டும் எப்போதும் எரியும், பாவி.

"வீட்டுக்காரர் மேல ஏதாவது குறை உண்டா? பயப்படாம சொல்லுங்கம்மா."

ஆழம் பார்க்கிறார் என்று லெசியெலிக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை தவறினால் பேனி இன்னும் எத்தனை நாள் அந்த வார்டில் கிடப்பானோ!

"ஹேஸ்டியா? தங்கமான மனுஷன் சார்."

வந்தவர் பேனாவை எடுத்தார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு எழுதினார். "அப்ப சரி. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டாள். வழிக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

கார் மறைந்ததும் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். "நீங்க நாடகத்துல நடிக்கப் போயிருக்கலாம் அண்ணி!" என்றாள் கலோ.

மதியம் தேவாலய வண்டி வந்து ஹார்ன் அடித்தது. "சீக்கிரம் கொண்டாங்கம்மா, பாட்டுப் பயிற்சிக்குப் பெருசுங்க எல்லாம் வந்துட்டாங்க, விறைச்சுப் போய் உட்கார்ந்திருக்காங்க." மூன்று ஹீட்டர்களும் வண்டியேறின. கதவைத் திறந்து மூடிய நேரத்துக்குள்ளேயே வீடு பழைய குளிருக்குத் திரும்ப ஆரம்பித்தது.

வண்டி தெருமுனை திரும்பும்போது போன் அடித்தது. வார்டு நர்ஸ்.

"லெசியெலி, பேனி ஆஸ்பத்திரி வண்டியில கிளம்பிட்டான். இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க வாசல்ல இருப்பான்."

"ஆண்டவரே! நன்றிம்மா! உங்க ஆள் வீட்டைப் பார்த்துட்டு நல்லபடியா எழுதிட்டார்போல!"

"எங்க ஆளா? அவர் எங்க ஆள் இல்லையே. இங்க படுக்கை இல்ல, பேனியை எப்படியும் இன்னிக்கு அனுப்பித்தான் ஆகணும். குளிர் வீட்டுக்கு அனுப்ப மனசு கேட்காமத்தான் உங்க சார்பா டாக்டரே புகார் குடுத்தார். வந்தவர் வாடகை வீட்டுப் புகாரை விசாரிக்கிற அதிகாரி. ஹீட்டர் ஓடலைன்னு அவர் ஒரு வரி எழுதினாப் போதும், சட்டப்படி ஹேஸ்டி புதுசு மாட்டியே ஆகணும். அந்தச் செத்த ஹீட்டரை அவருக்குக் காட்டினீங்கல்ல?"