ஹால்வோர் ஓட்டலின் சாவி

அன்று ஓட்டலில் இருந்தவர்கள் நான்கு பேர். செத்துப்போன முதலாளி ஹால்வோரின் மகன் டெரில். அங்கே இருபத்தாறு வருஷமாகப் பரிமாறும் வெர்னா. தினமும் ஜன்னலோர மேஜையில் வந்து உட்காரும் கிழவர் ஆர்விட். டெக்சாஸிலிருந்து மினசோட்டாவுக்கு வந்து மூன்றே மாதமான வக்கீல் பெய்ஜ்.

மத்தியானம் இரண்டு மணி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹால்வோரின் சடங்குகள் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அழ வேண்டியவர்கள் அழுது முடித்திருந்தார்கள்.

வெர்னா ஆப்பிள் பை கொண்டுவந்தாள். வேண்டுமா என்று கேட்டதுமே வக்கீல் தட்டை வாங்கிக்கொண்டாள். ஆர்விட் வயிறு நிறைந்திருக்கிறது என்றார், டாக்டர் திட்டுவார் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார்.

டெரில் பதினெட்டு வருஷம் அரிசோனாவில் இருந்துவிட்டு வந்தவன். அவனும் வேண்டாம், வேண்டாம் என்றுவிட்டு, வெர்னா மறுபடி தட்டை நீட்டியதும் பாதித் துண்டு போதும் என்றான்.

"பாதி கேட்டுட்டு முழுசையும் முழுங்குவான். அப்படியே அப்பன்" என்றார் ஆர்விட்.

வக்கீல் உயிலைப் படித்தாள். ஓட்டலை முதலில் வெர்னாவுக்குத்தான் தர மகன் முன்வர வேண்டும். காசு வாங்கக் கூடாது. அவள் மறுத்தால் மட்டும் மகனுக்கு.

பெட்ரோல் பங்க் கட்ட ஒரு கம்பெனி இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும். வெர்னாவுக்கு அறுபத்தொரு வயது. வேறு வேலை பார்த்ததில்லை. காபிக் கெண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

டெரில் எழுந்து நின்றான். அப்பாவுக்கு அடுத்தபடி இந்த அடுப்படியைத் தெரிந்தவள் அவள்தான் என்றான். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"நீங்களே எடுத்துக்கோங்க வெர்னா."

"பெத்த புள்ள நீ இருக்கறப்ப எனக்கெதுக்குப்பா."

"அப்பா ஆசைப்பட்டாரு. எடுத்துக்கோங்க."

"வேண்டாம் டெரில். அது முறையில்ல."

கெண்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

டெரில் தலையாட்டினான். வக்கீலிடம் எழுதிக்கொள்ளச் சொன்னான்.

ஆர்விட் தொண்டையைக் கனைத்தார். பிறகு தட்டைப் பார்த்தார். அடுத்தவர் விஷயத்தில் வாய் திறக்கிற ஊர் இல்லை அது.

வக்கீல் எழுதி முடித்துக் காகிதத்தைத் திருப்பி வைத்தாள். வெர்னா பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரனை அவிழ்த்து மடித்து, அதன் மேல் தன்னிடமிருந்த சாவியை வைத்தாள். தட்டுகளைக் கழுவிவிட்டுப் போகவா என்று கேட்டாள். பரவாயில்லை என்றான் டெரில். கோட்டு மாட்டிக்கொண்டாள். ஆர்விட் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள், நடந்தே போய்க்கொள்வேன் என்றாள், பிறகு சரி என்று அவரோடு கிளம்பினாள்.

வழுக்கும், பார்த்துப் போங்கள் என்று சொல்லி டெரில் கதவைச் சாத்தினான்.

வக்கீலுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னொரு தடவை கேட்டுப் பாத்திருக்கலாமே சார்?"

டெரில் சாவியைத் திருப்பினான். பூட்டு விழுந்துவிட்டதா என்று கைப்பிடியை இழுத்துப் பார்த்தான்.

"கேட்டிருந்தா சரின்னிருப்பாங்க."